முழங்காலுக்குக் கீழே ஒரு பள்ளம்

குற்றம் கண்டுபிடிப்பது என் தொழில். மலாக்காவில் செங் என்ற இடத்தில் இருக்கும் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பதினொரு வருடமாக மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு, விரல் நகத்தில் பாதிகூட இல்லாத சில்லுகளில் கீறல் உண்டா, தூசி உண்டா என்று பார்க்கிறேன். நல்லது ஒரு தட்டுக்கு, கழிவு இன்னொரு தட்டுக்கு. வீட்டிலும் எனக்கு அதே புத்திதான் என்பார் என் கணவர் சேகர். ரசத்தில் உப்பு குறைந்தால் அவர் வாய் திறப்பதற்குள் நானே சொல்லிவிடுவேன், நான் வைத்த ரசமாக இருந்தாலும்.

அப்பேர்ப்பட்ட எனக்கு, என் சொந்தக் காலுக்குள் ஒரு கோளாறு வளர்ந்துகொண்டிருந்தது ஆறு மாதம் தெரியவில்லை. நினைத்தால் இன்றும் என்மேலேயே கோபம் வருகிறது.

இப்போது வேலைக்குத் திரும்பிவிட்டேன். கேண்டீனில், பஸ்ஸில், கோயிலில் யாரைப் பார்த்தாலும் காலைப் பற்றித்தான் கேள்வி. ஒருத்தி, உள்ளே முழுக்க இரும்பாமே என்கிறாள். இன்னொருத்தி, கேன்சராமே என்று என் முகத்துக்கு நேராகவே கண் கலங்குகிறாள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. எழுதி வைத்துவிட்டால் படித்துக்கொள்வார்கள்.

வலது முழங்காலுக்குச் சற்றுக் கீழே, உள்பக்கமாக ஒரு வலி. அதுதான் ஆரம்பம். பஸ் படியில் ஏறி இறங்குவதால் என்று நினைத்தேன். சேகர்தான் அந்தத் தொழிற்சாலை பஸ்ஸை ஓட்டுகிறார், ஆகவே குற்றத்தை அவர் பஸ் படிமேல் போடுவது எனக்கு வசதியாக இருந்தது. கிளினிக்கில் வலி மாத்திரை தந்தார்கள். தைலம் தடவினேன். உட்கார்ந்து எழும்போது சுவரைப் பிடிக்க ஆரம்பித்தேன். முப்பத்து நான்கு வயதில் சுவரைப் பிடித்து எழுகிறோமே என்று வெட்கமாக இருந்ததே தவிர, பயம் வரவில்லை.

ஒரு நாள் காலை ஷிப்டுக்கு இறங்கும்போது அதே படியில் கால் மடங்கிவிட்டது. விழவில்லை, பின்னால் வந்தவள் பிடித்துக்கொண்டாள். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் காலை ஊன்ற முடியவில்லை. சேகர் மற்றவர்களை இறக்கிவிட்டு அப்படியே என்னை எக்ஸ்ரே எடுக்கக் கொண்டுபோனார். நாற்பத்து நான்கு பேர் போகும் பஸ்ஸில் நான் ஒருத்தியாகப் போனேன்.

எக்ஸ்ரே படத்தை விளக்கில் மாட்டியதும் எனக்கே தெரிந்துவிட்டது. படம் பார்ப்பதுதானே என் பிழைப்பு. கெண்டைக்கால் எலும்பு மேலே போகப் போக அகன்று, முழங்கால் மூட்டுக்குப் பீடம்போல நிற்கும். அந்தப் பீடத்துக்குள் வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் கறுப்பாக, சோப்பு நுரைபோலக் குமிழ் குமிழாக இருந்தது. இதுவே ஒரு சில்லாக இருந்திருந்தால் மறுயோசனை இல்லாமல் கழிவுத் தட்டில் போட்டிருப்பேன். கிளினிக் டாக்டர் உடனே பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். அந்த அவசரம்தான் என்னை முதலில் பயப்பட வைத்தது.

மலாக்காவின் பெரிய அரசாங்க மருத்துவமனையில் எலும்புப் பிரிவின் வெளிப்பெஞ்சுகளை எனக்கு இப்போது மனப்பாடமாகத் தெரியும். மூன்றாவது பெஞ்சுக்கு மேலேதான் மின்விசிறி. அதனால் அங்கே உட்கார ஏழு மணிக்கே போக வேண்டும். கட்டுப் போட்டவர்கள் எல்லாம் ஒருவர் காலை ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். என் காலில் கட்டும் இல்லை, காயமும் இல்லை. 'உனக்கு என்ன வந்தது?' என்று பக்கத்தில் இருந்தவர்கள் சந்தேகமாகப் பார்ப்பார்கள். எனக்கும் பதில் தெரியாது.

ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு பயாப்சி. மரத்துப்போக ஊசி போட்டு, தடித்த ஊசி ஒன்றை எலும்புக்குள் இறக்கி, உள்ளே இருப்பதில் ஒரு துணுக்கை எடுத்து ஆய்வுக்கு அனுப்புவதுதான் அது. முடிவு வரப் பத்து நாள். அந்தப் பத்து நாளும் புக்கிட் பெருவாங்கில் எங்கள் வீட்டில் டிவி சத்தமாக ஓடிக்கொண்டே இருந்தது. இருவருமே பார்க்கவில்லை. நான் செத்துவிடுவேன் என்று நினைத்தேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் அர்த்தம் இல்லை. குளிக்கும்போது நினைத்தேன், காய் நறுக்கும்போது நினைத்தேன்.

சேகர் அந்த நாட்களில் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. அவருக்கு அது வராது. ஆனால் கீழே உட்கார முடியாமல் நான் தலை பின்னத் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு, ஒரு நாள் சீப்பை வாங்கிக்கொண்டார். பஸ் ஸ்டியரிங் பிடித்த கை. பின்னல் ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டு போகும். குற்றம் கண்டுபிடிக்கும் தொழிலில் இருந்தாலும், அந்தப் பின்னலில் நான் ஒரு குறையும் சொல்லவில்லை.

முடிவை எங்களுக்குச் சொன்னவர் டாக்டர் ஃபரிடா. நாற்பது வயது இருக்கும். தலைத்துணியை இறுக்கக் கட்டி, ஆண்கள் போடும் பெரிய கடிகாரம் கட்டியிருப்பார். மலாயும் இங்கிலீஷும் கலந்துதான் பேசுவார். இங்கே நான் நம் பேச்சில் எழுதுகிறேன்.

“கேன்சர் இல்ல. முதல்ல அத கேட்டுக்கோங்க.”

சேகர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். நான் சாயவில்லை. இன்னொன்று வரும் என்று தெரியும்.

ராட்சத உயிரணுக் கட்டி என்று அதற்குப் பெயர். எலும்பைக் கரைக்கும் உயிரணுக்கள் எல்லோர் உடம்பிலும் உண்டாம். பழைய எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துப் புதிய எலும்புக்கு இடம் விடுவது அவற்றின் வேலை. இந்தக் கட்டி வந்தால் அவை ஒன்றோடு ஒன்று சேர்ந்து ராட்சதமாகி, கணக்கு வழக்கில்லாமல் தின்ன ஆரம்பித்துவிடுகின்றன. பெரும்பாலும் உடம்பின் மற்ற இடத்துக்குப் பரவாது, இருக்கும் இடத்தைக் காலி செய்யும். என் எலும்பில் ஒரு கோழி முட்டை அளவுக்குக் காலி செய்திருந்தன. மூட்டுக்கு அடியில் மிச்சம் இருந்தது முட்டை ஓட்டளவு தடிமன்தான்.

“சுரண்டி எடுத்துருவேன். அது எனக்குக் கஷ்டமில்ல. எடுத்த பிறகு அந்தப் பள்ளத்த எதால நிரப்புறதுங்கறதுதான் கேள்வி,” என்றார் டாக்டர்.

வழக்கமாக எலும்புச் சிமென்ட் என்ற ஒன்றை வைப்பார்களாம். குழைத்து வைத்தால் சூடாகிக் கெட்டிப்படும். என் விஷயத்தில் அந்தச் சூடும் கெட்டித்தனமும் முட்டை ஓடு மாதிரி இருக்கிற மிச்ச எலும்பை உடைத்துவிடுமோ என்பது அவர் பயம். உடைந்தால் மூட்டுப் போய்விடும். பிறகு முழங்காலை நீட்டினாற்போலவே வைத்து ஒட்டிவிட வேண்டும். ஆயுள் முழுக்க அந்தக் கால் மடங்காது. பஸ் சீட்டில் உட்கார முடியாது, மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார முடியாது, தரையில் சம்மணம் போட முடியாது. என் இடுப்பிலிருந்தே எலும்பு எடுத்து வைக்கலாம், ஆனால் அது அவ்வளவு பெரிய பள்ளத்துக்குப் போதாது. இறந்தவர்கள் கொடுத்த எலும்பு கிடைக்கலாம், அதற்கு வரிசையில் காத்திருக்க வேண்டும், என் கால் காத்திருக்காது.

“இன்னொரு வழி இருக்கு,” என்றபோது டாக்டரின் குரல் மாறியது. அதுவரை டாக்டராகப் பேசியவர், பலகாரம் செய்து பார்த்துவிட்டு வந்த பெண்போல முன்னால் குனிந்தார். பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில் அவருடைய தோழி எலும்புக்குள் இருக்கும் தாதுவை மட்டும் பிரித்து மணிகளாகத் தயாரிக்கிறாராம். அதை என் இடுப்பெலும்பில் கொஞ்சத்தோடு கலந்து பள்ளத்தில் அடைத்தால், என் எலும்பே அந்த மணிகளுக்கு நடுவே புகுந்து வளருமாம். வெளிநாடுகளில் செய்கிறார்கள், இங்கே இன்னும் சோதனை முறைதான், சம்மதம் எழுதித் தர வேண்டும். படித்துப் பார்த்து யோசித்துச் சொல்லுங்கள் என்று தாளைக் கொடுத்து, அன்றே வார்டில் சேர்த்துவிட்டார்.

வார்டில் எனக்குப் பொறுப்பான தாதி ரொஹானா. எல்லோரும் காக் ரொஹானா என்று கூப்பிடுவார்கள், அக்கா மாதிரி. நான் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, கட்டில் ஓரமாக வந்து தாழ்ந்த குரலில் தைரியம் சொன்னார்.

“ஜஙான் ரிசாவ்லா, கவலப்படாதே. நானே டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். பன்னி இல்ல. மாடு. அதுவும் முறைப்படி அறுத்தது. சுத்தம்.”

தாளின் இரண்டாம் பக்கத்திலும் அதையே அச்சடித்திருந்தார்கள். மாட்டைக் குறிக்கும் 'லெம்பு' என்ற மலாய்ச் சொல் அழகான எழுத்தில் நின்றது. முறைப்படி அறுக்கப்பட்ட மாட்டின் எலும்பிலிருந்து எடுத்தது, ஐயம் வேண்டாம் என்று. இந்த ஊரில் பாதிப் பேரான மலாய் முஸ்லிம்களுக்கு நிம்மதி தரும் வரிதான் அது. நானோ அந்த வரிக்குமேல் படிக்காமல் தாளைக் கவிழ்த்து வைத்தேன். பாவம் காக் ரொஹானா, நல்ல செய்தி சொன்ன முகத்தோடு என் கையைத் தட்டிவிட்டுப் போனார்.

நாங்கள் மாடு சாப்பிடாதவர்கள் என்று சொன்னால் மட்டும் போதாது. டுரியான் துங்கால் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருக்கிற என் அம்மா பால் மரம் வெட்டிக்கொண்டே மாடு வளர்த்தவள். ஓய்வு பெற்ற பிறகும் மூன்று மாடு வைத்திருக்கிறாள். அப்பா இல்லாத வீட்டில் என்னைப் பள்ளிக்கு அனுப்பியது அந்த மாட்டுப் பால்தான். ஒரு கிழட்டு மாடு படுத்துக்கொண்டபோது வியாபாரி லாரியோடு வந்து வாசலில் நின்றான். அம்மா அவனைத் துடைப்பத்தோடு விரட்டிவிட்டு, அது சாகும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஆள் வைத்துக் குழி வெட்டிப் புதைத்து, தலைக்குக் குளித்து, அன்று முழுக்கப் பட்டினி கிடந்தாள். அந்த அம்மாவின் மகள் காலில் வெட்டின மாட்டின் எலும்பா?

“சிமென்டே வச்சிக்கலாம் லா,” என்றேன் சேகரிடம்.

“கால் மடங்காம போச்சின்னா?”

“போகட்டும்.”

“செத்த மனுசன் எலும்பு கெடைச்சா வச்சிக்குவியா மதி?”

“வச்சிக்குவேன்.”

“பொணம் பரவால்ல, மாடு கூடாது. நல்லா இருக்கு உன் கணக்கு.”

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததற்குக் காரணம், அவர் சொன்னதில் ஒரு குற்றமும் என்னால் கண்டுபிடிக்க முடியாமல் போனதுதான்.

மறுநாள் டாக்டரிடம் முடியாது என்று சொன்னேன், காரணத்தையும் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது. இது தனக்குத் தோன்றவே இல்லையே என்று இரண்டு முறை மன்னிப்புக் கேட்டார். வற்புறுத்தவில்லை. கிளம்பும்போதுதான், “நீங்க என்னா வேல செய்றீங்க?” என்று கேட்டார். சொன்னேன். அவர் நின்றுவிட்டார்.

“மைக்ரோன் தெரியுமா உங்களுக்கு?”

மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, எனக்கா தெரியாது? நாங்கள் வேலை செய்யும் கிளீன் ரூமில் தூசி எண்ணும் மெஷின் ஒன்று சுவரில் கண் விழித்துக்கொண்டே இருக்கும். ஒரு மைக்ரோனில் பாதி அளவுத் தூசிகூட அதன் கணக்கில் விழும். அதற்காகவே தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பு. முகத்துக்குப் பவுடர் கூடாது, கண்ணுக்கு மை கூடாது. காலையில் சாமி கும்பிட்டு இட்ட திருநீற்றை வாசலிலேயே ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போவோம். தமிழ்ப் பெண்கள் அத்தனை பேரும் வாசல் குப்பைத்தொட்டியருகே வரிசையாக நின்று நெற்றியைத் துடைப்போம். தூள் என்றாலே எனக்கு எதிரிதான்.

டாக்டர் என்னைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தானே தள்ளிக்கொண்டு போனார். ஆய்வு அறையில் ஒரு மைக்ராஸ்கோப்பின் கீழே வெள்ளை மணி ஒன்றை வைத்தார். என் கண் தானாகவே குழாயில் பொருந்தியது. கற்கண்டுத் துணுக்குபோலத் தெரிந்தது, உருப்பெருக்கத்தைக் கூட்டக் கூட்டத் தேன்கூடாக மாறியது. அறைக்குள் அறை, சுவரில் துவாரம், துவாரத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு அறை. எந்த மெஷினாலும் அப்படிச் செய்ய முடியாது.

“இது வெறும் வீடு. ரத்தம், சத, கொழுப்பு, ஒண்ணும் கெடையாது. எல்லாம் நெருப்புல போயிருச்சி. இதுக்குள்ள இன்னும் சின்னது இருக்கு. அது இந்த மைக்ராஸ்கோப்புக்கு எட்டாது,” என்றார்.

பிறகு இரண்டு புகைப்படங்களை என் மடியில் வைத்தார். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் எடுத்தவை, கறுப்பு வெள்ளை. எலும்பின் உறுதிக்குக் காரணம் அதில் உள்ள தாதுப் படிகங்கள். எங்கள் மெஷின் எண்ணுகிற ஆகச் சிறிய தூசியின் நீளத்துக்குள் அவற்றில் பத்தை வரிசையாக நிறுத்தலாமாம். அந்த அளவுக்கு நானோ என்று பெயராம், அந்தச் சொல்லை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். எலும்பைப் போதாமல் சுட்டால் மாட்டின் மிச்சம் தங்கிவிடும். அதிகமாகச் சுட்டால் இந்தக் குட்டிப் படிகங்கள் உருகி ஒன்றோடு ஒன்று ஒட்டிப் பெரிதாகி, வெறும் கல்லாகிவிடும். கல்லை நம் உடம்பு சுற்றி வளைத்து ஒதுக்கி வைக்கும். அளவு சரியாக இருந்தால், எலும்பு வளர்க்கும் உயிரணுக்கள் அதை அந்நியம் என்று நினைக்காமல் அதன்மேலேயே குடியேறும். இடுப்பு மூட்டுக்கு வைக்கிற உலோகத்தின்மேல்கூட இந்தத் தாதுவைத் தூளாக்கிப் பூசுகிறார்கள் என்றார். வெறும் உலோகத்தை எலும்பு ஓரளவுக்குத்தான் சேர்த்துக்கொள்ளும். பூசின உலோகத்தை இறுகப் பற்றிக்கொள்ளும்.

“ஒண்ணு மனுச எலும்பு. ஒண்ணு மாட்டுலேருந்து என் தோழி செஞ்சது. எது எதுன்னு சொல்லுங்க.”

பதினொரு வருடம். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான சில்லுகள். நான் படங்களை வெளிச்சத்தில் பிடித்தேன், தலைகீழாகத் திருப்பினேன், ஓரத்தைப் பார்த்தேன். இரண்டிலும் நெல் கொட்டிக் கிடக்கிற மாதிரி மெல்லிய துணுக்குகள், ஒரே பக்கம் சாய்ந்து. கடைசியில் ஒழுங்காக இருந்ததைத் தொட்டு, “இதுதான் மனுசன். இதான் நல்ல கிரேடு,” என்று அடித்துச் சொன்னேன்.

அது மாடு.

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே உடம்பெல்லாம் சிலிர்த்தது. நம்மை நாம் என்னவெல்லாமோ நினைத்துக்கொள்கிறோம். மனிதன், மாடு, தமிழன், மலாய்க்காரன், சாப்பிடுகிறவன், சாப்பிடாதவன். அத்தனையையும் தாண்டி உள்ளே போய்க்கொண்டே இருந்தால், கடைசியில் ஒரே நெல் கொட்டிக் கிடக்கிறது. இவ்வளவு சிறியதை யார் ஒவ்வொன்றாக அடுக்கினார்கள்? என் காலுக்குள் இப்போதும் அடுக்கிக்கொண்டிருப்பது யார்? கோயிலில் தீபம் காட்டும்போது வராத கண்ணீர் அந்த மருந்து நாறும் அறையில் வந்தது. டாக்டர் கடிகாரத்தைப் பார்க்காமல் காத்திருந்தார். அன்று மாலை நான் கையெழுத்துப் போட்டேன்.

“அத்தகிட்ட சொல்லாத மதி,” என்றார் சேகர். “கால்ல என்னா இருக்குன்னு அவங்க தொறந்தா பாக்கப் போறாங்க?”

மறைக்க எனக்கு மனம் வரவில்லை. நான் வார்டில் சேர்ந்ததிலிருந்து வந்துகொண்டிருந்த அம்மா, அறுவைக்கு முதல் நாளும் வழக்கம்போல் தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தாள். பிளாஸ்க்கில் பால். எனக்கு ஒரு டம்ளர், காக் ரொஹானாவுக்கு ஒரு டம்ளர் ஊற்றினாள். நான் குடித்து முடிக்கும்வரை பொறுத்து, சொன்னேன். தூள், நெருப்பு, படிகம் என்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன்.

அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“எந்த மாடு?”

“தெரியாதும்மா.”

“தானா செத்ததா, வெட்டுனதா?”

“வெட்டுனது.”

அவள் திட்டவில்லை, அழவும் இல்லை. டம்ளரைக் கழுவி வந்தாள், பிளாஸ்க் மூடியைத் திருகினாள். “எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சி,” என்று எழுந்து போனாள். வார்டின் கோடிவரை நிமிர்ந்தே நடந்தாள். நான் கூப்பிட்டேன். திரும்பவில்லை.

அறுவை நடக்கும்போது எனக்கு நினைவு இருந்தது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்க வைத்திருந்தார்கள். வலி இல்லை, சத்தம் மட்டும் கேட்டது. தேங்காய் துருவுகிற சத்தம். என்னைத்தான் துருவுகிறார்கள் என்று மூளைக்குத் தெரிந்தாலும் உடம்பு நம்பவில்லை. கட்டியின் ஒரு உயிரணு மிச்சம் இருந்தாலும் கட்டி திரும்ப வரும் என்பதால் டாக்டர் துருவிக்கொண்டே இருந்தார். குற்றம் பார்ப்பதில் என்னைவிட மோசமான ஆள் என்று அன்று புரிந்தது.

நான் கேட்டுக்கொண்டதற்காகக் காக் ரொஹானா ஒரு எஃகுக் கிண்ணத்தைத் திரைக்கு மேலே தூக்கிக் காட்டினார். ஜவ்வரிசிபோல வெள்ளை மணிகள், என் இடுப்பெலும்புத் துணுக்குகள். அவற்றின்மேல் என் ரத்தத்தை ஊற்றியதும் மணிகள் அதை ஒரே மூச்சில் குடித்துச் சிவந்துவிட்டன. அவ்வளவு தாகம் அந்தத் தேன்கூடுகளுக்கு. பிறகு எல்லாவற்றையும் பள்ளத்தில் அடைத்து, தூள் பூசிய இரண்டு திருகாணிகளால் முட்டுக்கொடுத்தார்கள்.

மரப்பு இறங்கியதும் வந்த வலியைப் பற்றி எழுத விருப்பமில்லை. பன்னிரண்டு நாள் வார்டில் கிடந்தேன். சேகர் ஷிப்டுக்கும் ஷிப்டுக்கும் நடுவே பஸ்ஸோடு வந்து, தலை பின்னிவிட்டுப் போவார். அக்கம் பக்கத்துக் கட்டில்காரர்கள் அதைப் பார்க்கவே காத்திருப்பார்கள். பின்னல் இப்போது நேராக வந்தது. தொழிற்சாலைத் தோழிகள் வந்தார்கள். அம்மா வரவில்லை. பத்து மணிக்கு வார்டுக் கதவு திறக்கும்போதெல்லாம் பார்ப்பேன். காக் ரொஹானாகூட, “உன் மாக் எங்கே? பால் எங்கே?” என்று கேட்டார். தன்னால்தானோ என்று அவருக்குள் ஒரு உறுத்தல். இல்லை அக்கா, உங்களால் இல்லை என்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் மூன்று மாதம் பாதம் தரையில் படக்கூடாது. இரண்டு ஊன்றுகோல். உள்ளே என் எலும்பு புகுந்து வளர்கிறதா, இல்லை அந்த மணிகள் சும்மா கிடக்கின்றனவா என்று வெளியிலிருந்து ஒரு அடையாளமும் தெரியாது. வளராமல் போனால் அந்த முட்டை ஓடு ஒரு நாள் அமுங்கிவிடும், கதை முடிந்தது. அம்மாவையும் இழந்து, காலையும் இழந்தவளாக நிற்க வேண்டும். தோட்டத்துக்குப் போன் கிடையாது. சேகர் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்த்து வருவார். “நல்லா இருக்காங்க. மாட்டுக்குப் புல்லு அறுத்துக்கிட்டு இருந்தாங்க. உன்ன பத்தி ஒண்ணும் கேக்கல,” என்பார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

மூன்று மாதம் முடிந்து டாக்டர் ஃபரிடா நான்கு எக்ஸ்ரே படங்களை விளக்கில் வரிசையாக மாட்டினார். முதல் படத்தில் கறுப்புப் பள்ளம். இரண்டாவதில் பள்ளம் நிறைய மணிகள், ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஓரம் கூர்மையாக. மூன்றாவதில் ஓரங்கள் மங்கல். நான்காவதில் நான் முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோனேன். மணிகளுக்கு நடுவே வெண்புகைபோல ஏதோ படர்ந்திருந்தது. எலும்பு எங்கே முடிகிறது, மணிகள் எங்கே தொடங்குகின்றன என்று கோடு போட முடியவில்லை.

“அந்த மணிங்க கரைஞ்சி போச்சா டாக்டர்?”

“இல்ல. அப்படியே இருக்கு. ரொம்ப வருசம் இருக்கும். உங்க எலும்பு அதுக்குள்ள வீடு கட்டிருச்சி. இனிமே நான் நெனச்சாலும் பிரிச்சி எடுக்க முடியாது.”

அவர் குரலில் பெருமையைவிட வியப்புதான் அதிகம் இருந்தது. இத்தனை படித்தவருக்கும் வியப்பாக இருக்கிறதே என்று எனக்கு அவர்மேல் பிரியம் வந்தது. “ஊன்றுங்க,” என்றார். சேகர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். நான் வலது பாதத்தைத் தரையில் வைத்தேன். குளிர்ந்த சிமென்ட் தரை. எடையை மெல்ல இறக்கினேன். கால் என்னைத் தாங்கியது. முழங்காலை மடக்கினேன், மடங்கியது.

தை பிறந்ததும் சேகர் என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். அம்மா கூப்பிடவில்லை, நாங்களாகவே போனோம். பொங்கலன்று அவள் எனக்கு நாற்காலி போட்டாள், சோறு போட்டாள், தலையணை கொடுத்தாள். காலைப் பார்க்கவில்லை. 'வா' என்று சொன்னதோடு சரி. அதற்குமேல் எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் மாட்டுப் பொங்கல். அம்மா விடியும்போதே மூன்று மாடுகளையும் குளிப்பாட்டி, கொம்புக்குச் சாயம் பூசி, கழுத்தில் பூ கட்டினாள். கொட்டகைக்கு முன்னால் பொங்கல் பொங்கியது. நான் வாசலில் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். அம்மா தட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மாட்டின் நெற்றியிலும் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, சூடம் காட்டி, வாழையிலையில் பொங்கல் வைத்து ஊட்டினாள். மூன்றாவது மாடும் தின்று முடித்தது. சேகர் பசி தாங்காமல் பானையருகே போனார்.

“இருங்க மாப்புள,” என்றாள் அம்மா. “மாட்டுக்குக் குடுத்துட்டுதான் நாம திங்கணும்.”

“மூணும் தின்னுருச்சே அத்த.”

“இன்னும் ஒண்ணு இருக்கு.”

தட்டோடு அவள் என்னிடம் வந்தாள். என் காலடியில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். என் பாவாடையை முழங்காலுக்கு மேலே ஒதுக்கி, தழும்பை முதன்முறையாகப் பார்த்தாள். விரலால் அதன் நீளம் முழுக்கத் தடவினாள். பிறகு ஈர மஞ்சளைத் தழும்பின்மேல் பூசினாள். அதன் நடுவே குங்குமம் வைத்தாள். சூடத்தைக் காட்டி, கையை எடுத்துக் கும்பிட்டாள். என் அம்மா என் காலைப் பார்த்துக் கும்பிட்டாள்.

“யாரு வளத்ததோ,” என்றாள். “ஒரு பொங்கலாவது பாத்துச்சோ என்னமோ.”

அவள் இலையில் இருந்த பொங்கலை உருட்டி என் வாயருகே நீட்டினாள்.

“தின்னு. மாப்புளைக்குப் பசிக்குது பாரு.”

நான் அழுதுகொண்டே தின்றேன்.